இன்டோர் சைக்கிளிங் வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கு

புதிதாக இன்டோர் சைக்கிளிங் (அறைக்குள் நகராத சைக்கிளில் பாட்டோடு மிதிக்கும் குழுப் பயிற்சி) வகுப்பு எடுக்கப் போகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது பெரும்பாலும் பிளேலிஸ்ட்டைப் பற்றித்தான். எந்தப் பாட்டு, எந்த வரிசை, கடைசிப் பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று நாள்கணக்கில் யோசிப்பார்கள். பாட்டு முக்கியம்தான், கீழே அதைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை மனதில் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: அந்த 45 நிமிடம் உங்களுடைய உடற்பயிற்சி நேரம் கிடையாது. மேடையில் நீங்கள்தான் எல்லாரையும்விட அதிகமாக வியர்த்து, தலையைக் குனிந்துகொண்டு, மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருந்தால் எதிரே இருக்கிற 20 பேரை யார் பார்ப்பது? உங்கள் கண் அவர்களுடைய முழங்காலிலும் தோளிலும் முகத்திலும் இருக்க வேண்டும். உங்கள் பயிற்சியை வேறொரு நேரத்தில் தனியாகச் செய்துகொள்ளுங்கள். இது பிடிபட்டுவிட்டால் சீட் உயரம், பாட்டு, எப்போது பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்று மீதி எல்லாவற்றிலும் சரியான முடிவு எடுப்பது எளிதாகிவிடும்.

முதல் பாட்டுக்கு முன்னால்

வகுப்பு தொடங்க 15 நிமிடம் இருக்கும்போதே அறையில் இருங்கள். மைக், ஸ்பீக்கர், மின்விசிறி எல்லாம் 2 நிமிட வேலை. மீதி நேரம் முழுக்க வருகிறவர்களுக்கு. உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து "முதல் தடவையா?" என்று கேட்டுவிடுங்கள், அப்படியே "முழங்கால், முதுகு, இதயம், ரத்த அழுத்தம் ஏதாவது நான் தெரிஞ்சுக்கணுமா?" என்றும் கேளுங்கள். கர்ப்பமாக இருப்பவர் வந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டாரா என்று விசாரித்து, ஹேண்டில்பாரை நன்றாக உயர்த்திவிடுங்கள்.

சைக்கிளை உடம்புக்குத் தகுந்தபடி பொருத்துவதுதான் வகுப்பிலேயே பெரிய வேலை என்பது என் அபிப்பிராயம். உட்கார்ந்த இடம் தப்பாக இருந்தால் நீங்கள் அதற்கப்புறம் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பயனில்லை, அவருக்கு முழங்கால் வலிக்கும், அடுத்த வாரம் வரமாட்டார். ஒரு புதியவரை எடுத்துக்கொள்வோம். அவரை சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்க வையுங்கள், இடுப்பெலும்பின் மேல் விளிம்பு எங்கே இருக்கிறது என்று அவரையே கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சீட் ஏறக்குறைய அந்த உயரத்துக்கு வரட்டும். இது தொடக்கம்தான், இதோடு விட்டுவிடக் கூடாது. இப்போது ஏறி உட்காரச் சொல்லி, ஒரு பெடலைக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வைக்கச் சொல்லுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் குதிகாலை எடுத்துவிட்டுப் பாதத்தின் அகன்ற முன்பகுதியைப் பெடலின் நடுவில் வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். ஏறத்தாழ 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருந்தால் சரி. கோணமானி எல்லாம் தேவையில்லை, கொஞ்ச நாளில் கண்ணே சொல்லிவிடும்.

அடுத்து அவரை மெதுவாக மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நில்லுங்கள். இடுப்பு இடதும் வலதுமாக ஆடினால் சீட் உயரம் அதிகம், காலை எட்டிப் பிடிக்கிறார் என்று அர்த்தம். முழங்கால் மேலே வரும்போது ரொம்ப மடங்கி வயிற்றை நோக்கி வந்தால் சீட் தாழ்ந்திருக்கிறது. பொதுவாக, முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் சீட் தாழ்வாகவோ ரொம்ப முன்னாலோ இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் வலித்தால் அநேகமாக சீட் உயரமாக இருக்கும்.

முன்னும் பின்னும் நகர்த்துவதற்கு, இரண்டு பெடலையும் தரைக்கு இணையாக நிறுத்தச் சொல்லிப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். முன்னால் இருக்கிற காலின் முழங்கால் சில்லுக்குக் கீழ்ப்பகுதி பெடலின் அச்சுக்கு நேர் மேலே வர வேண்டும். ஹேண்டில்பார் புதியவர்களுக்கு சீட் உயரத்தில் அல்லது அதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். தாழ்த்தி வைத்தால் பார்க்க ரேஸ் வீரர் மாதிரி இருக்கும், ஆனால் முதுகும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் நகர்த்திய ஒவ்வொரு கம்பத்தையும் பிடிக்கிற ஊசியும் பூட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று நீங்களே ஆட்டிப் பாருங்கள். சீட், ஹேண்டில்பார் கம்பங்களில் உள்ள எண்களை அவரிடம் சொல்லி போனில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அடுத்த முறை அவரே சரி செய்துகொள்வார்.

அப்புறம் நிறுத்துவது எப்படி என்பது. ஸ்டுடியோ சைக்கிள்கள் பலவற்றில் ஃப்ளைவீல் என்கிற கனமான சக்கரமும் பெடலும் நேராக இணைந்தவை. கால் நின்றாலும் சக்கரத்தின் வேகம் பெடலைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், வேகமாக மிதித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று காலை நிறுத்தப் பார்த்தால் முழங்காலைத்தான் அது இழுக்கும். பல சைக்கிள்களில் ரெசிஸ்டன்ஸ் குமிழை (மிதிக்கும் கனத்தைக் கூட்டிக் குறைப்பது) கீழே அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும், சிலவற்றில் தனி லீவர் இருக்கும். உங்கள் ஸ்டுடியோவில் எது என்று தெரிந்துகொண்டு, புதியவரை ஒரு முறை அழுத்தி நிறுத்திப் பார்க்க வையுங்கள். சொன்னால் மட்டும் போதாது, அவருடைய கை அதைச் செய்து பார்த்திருக்க வேண்டும். பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளிப் ஷூ போட்டிருந்தால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிக் கழற்றுவதையும் அதே மாதிரி ஒரு முறை.

கடைசியாக அவரிடம் நான் தவறாமல் சொல்வது: "இன்னிக்கு முழுக்க உட்கார்ந்தே ஓட்டினாலும் போதும். நான் ஏத்தச் சொல்றப்போ ஏத்த முடியலைன்னா ஏத்தாதீங்க. இடையில வெளியே போகணும்னா போங்க, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க." இது வெறும் உபசார வார்த்தை இல்லை. பழக்கமில்லாத தசைகளை முதல் நாளே எல்லை மீறி வேலை வாங்கினால் தசை இழைகள் சிதைந்து, அதிலிருந்து வரும் பொருட்கள் சிறுநீரகத்தைப் பாதிக்கிற ராப்டோமயோலிசிஸ் என்ற நிலை வரக்கூடும். முதல் இன்டோர் சைக்கிளிங் வகுப்புக்குப் போய்வந்தவர்களுக்கே இது வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அரிதுதான், ஆனால் தொடை தாங்க முடியாமல் வலித்து, வீங்கி, சிறுநீர் அடர் பழுப்பு நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு ஆசிரியரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். புதியவரை "விடாதே, விடாதே" என்று மைக்கில் கத்தி ஓட வைப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சீட் வலியைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் சில வகுப்புகளுக்கு உட்காரும் இடம் வலிக்கும், பழகப் பழகக் குறையும், பேட் வைத்த ஷார்ட்ஸ் உதவும். சொல்லாவிட்டால் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு வராமல் இருந்துவிடுவார்கள்.

பாட்டும் கால் வேகமும்

முதலில் பாதையைத் தீர்மானியுங்கள், அதாவது எங்கே கனத்தைக் கூட்டி ஏற்றம், எங்கே குறைத்துச் சமதளம் என்று, அப்புறம் பாட்டைத் தேடுங்கள். பிடித்த பாட்டுகளை வரிசையாக அடுக்கிவிட்டு அதற்கேற்ப ஏதாவது செய்ய வைப்பது நேர்மாறான வேலை, அப்படிச் செய்த வகுப்பு எங்கே போகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

கணக்கு சுலபம். ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு கால் கீழே போகிறது என்று வைத்துக்கொண்டால் பாட்டின் பிபிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) பாதிதான் பெடல் சுற்றும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று). 128 பிபிஎம் பாட்டு 64 ஆர்பிஎம், நல்ல கனமான ஏற்றம். 150 என்றால் 75. 170 என்றால் 85, சமதளத்தில் ஓடுகிற வேகம். 180க்கு 90. பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு ஏற்றத்துக்கு 60 முதல் 80, சமதளத்துக்கு 80 முதல் 110. 60க்குக் கீழே போனால் ஒவ்வொரு மிதியிலும் முழங்காலுக்கு விழுகிற பாரம் கூடிப்போகும், 110க்கு மேலே போனால் பெரும்பாலானவர்களின் கால் சக்கரத்தின் வேகத்தில்தான் சுழலும், தசை வேலை செய்யாது, சீட்டில் குதித்துக்கொண்டிருப்பார்கள். பாட்டு நன்றாக இருக்கிறதே என்று இந்த வரம்பைத் தாண்டாதீர்கள்.

எல்லாப் பாட்டிலும் பீட்டோடு ஒட்டிக்கொண்டே ஓட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒருவர் 75 ஆர்பிஎம்மில் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போது "பீட்டுக்கு வாங்க, பீட்டுக்கு வாங்க" என்று அவரை 64க்கு இழுப்பதில் என்ன கிடைக்கப்போகிறது? பீட் ஒரு உதவி. விரும்புகிறவர் பிடித்துக்கொள்ளட்டும்.

பாட்டின் கட்டமைப்பை மட்டும் நன்றாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கேற்ற பாட்டுகளில் பெரும்பாலானவை எட்டு எட்டாக நகரும், நான்கு எட்டுகள் சேர்ந்தால் 32 பீட். 128 பிபிஎம் பாட்டில் அந்த 32 பீட் மிகச்சரியாக 15 விநாடி. பல்லவி எப்போது திரும்ப வரும், எங்கே தாளம் நின்று அமைதியாகும் என்பதெல்லாம் இந்த எல்லைகளில்தான் நடக்கும். ஆகவே பல்லவியில் எழுந்து நிற்க வைக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு 15 விநாடி முன்னால் என்ன வரப்போகிறது என்று சொல்லி, 8 பீட் இருக்கும்போது எண்ணத் தொடங்கி, பல்லவி விழும்போது அவர்கள் எழுந்திருக்க வேண்டும். பாட்டை வீட்டில் காகிதத்தோடு உட்கார்ந்து கேட்டு, எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று குறியுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் வகுப்பில் ஒரு பத்து பேர் ஒரே நேரத்தில் எழுந்து, பாட்டும் அதே நொடியில் எழும்பும்போது அறையில் வருகிற உற்சாகம் இருக்கிறதே, அதை எந்தக் கத்தலாலும் கொண்டுவர முடியாது.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. பணியிடச் செவிப் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வைத்திருக்கும் பரிந்துரை 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதிக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். ஒரு நாளில் மூன்று வகுப்பு எடுக்கிறவர் இந்தக் கணக்கைத் தனக்கே போட்டுப் பார்க்க வேண்டும். போனில் டெசிபல் அளக்கிற ஆப் ஒன்றை ஓட்டிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். பாட்டுகளை வகுப்பில் ஒலிபரப்ப உரிமம் வேண்டும், தனிநபர் ஸ்ட்ரீமிங் கணக்கு அதற்குச் செல்லாது, ஸ்டுடியோ என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

45 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது

ஏறத்தாழ 8 நிமிடம் வார்ம் அப், 32 நிமிடம் முக்கியப் பகுதி, 5 நிமிடம் கூல் டவுன். வார்ம் அப்பைச் சுருக்காதீர்கள். அந்த எட்டு நிமிடத்தில்தான் கால் சூடாகிறது, அன்றைக்கு வரப்போகிற ஒவ்வொரு நிலையையும் லேசான கனத்தில் ஒரு முறை காட்டிவிடலாம், உங்களுக்கும் யார் களைப்பாக வந்திருக்கிறார், யார் சீட் சரியில்லை என்று பார்க்க நேரம் கிடைக்கும்.

முக்கியப் பகுதியில் ஒரு வகுப்புக்கு ஒரு நோக்கம் போதும். நீண்ட ஏற்றங்கள், அல்லது குறுகிய வேகங்கள், அல்லது ஒரே சீராக நீண்ட நேரம் ஓட்டுவது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்தால் எதையும் செய்த திருப்தி வராது. ஓய்வைத் திட்டத்தில் எழுதி வையுங்கள், "எல்லாரும் களைச்சா பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள். முழு பலத்தோடு 30 விநாடி ஓடச் சொன்னால் அடுத்தது வருவதற்கு முன்னால் 2 அல்லது 3 நிமிடமாவது லேசாக ஓட்ட விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது சுற்றில் முழு பலம் என்பது பெயரளவில்தான் இருக்கும். ஒரு நிமிடம் கடினமாக, ஒரு நிமிடம் லேசாக என்பது வேறு வகை, அதில் அந்தக் கடினம், முழு பலத்தைப் பத்து என்று வைத்தால், எட்டோடு நிற்கும்.

இப்படி வேலையும் ஓய்வும் மாறி மாறி வருகிற இன்டர்வல் பயிற்சிக்குத் தபாட்டா என்ற பெயரைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். இசுமி தபாட்டாவும் அவருடைய குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு சைக்கிள் எர்கோமீட்டரில்தான் (செய்கிற வேலையை அளக்கும் நகராத சைக்கிள்) நடந்தது. 20 விநாடி மிகக் கடுமையான வேலை, 10 விநாடி ஓய்வு, ஏழெட்டு சுற்றிலேயே இனி முடியாது என்கிற அளவுக்குக் களைத்துப்போக வேண்டும். மொத்தம் 4 நிமிடத்துக்குள். இதையே ஒரு வகுப்பில் நான்கைந்து முறை செய்ய முடிகிறது என்றால் அந்த அளவு கடுமையாகச் செய்யவில்லை என்று பொருள். செய்வதில் தப்பில்லை, நல்ல பயிற்சிதான், இன்டர்வல் என்று சொல்லிச் செய்யுங்கள்.

ஒரு ஏற்றத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 4 நிமிடப் பாட்டு, 128 பிபிஎம். முந்தைய பாட்டு முடியும்போதே சொல்லிவிடுகிறேன்: "அடுத்தது ஏற்றம், நாலு நிமிஷம், மூணு தடவை ரெசிஸ்டன்ஸ் ஏத்தப்போறோம், கடைசி ஒரு நிமிஷம் நின்னு ஓட்டுறோம்." முதல் நிமிடம் உட்கார்ந்து, பத்துக்கு ஐந்து. ஒரு நிமிடம் முடிந்ததும் ஆறு, இரண்டு நிமிடம் முடிந்ததும் ஏழு, ஒவ்வொரு முறையும் ஏற்றிய பிறகு 20 விநாடி எதுவும் பேசுவதில்லை. கால் புதுக் கனத்தோடு பழக நேரம் வேண்டும். மூன்று நிமிடம் முடிந்ததும் எட்டு, எழுந்து நின்று. நிற்கும்போது இடுப்பு சீட்டின் முனைக்கு மேலேயே இருக்க வேண்டும், கை ஹேண்டில்பாரில் சும்மா வைத்தது போல இருக்க வேண்டும், உடம்பின் எடை முழுக்கப் பெடலுக்குத்தான். கடைசி 15 விநாடியில் மட்டும் குரலை உயர்த்துகிறேன். பாட்டு முடிந்ததும் கனத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு தண்ணீர். இவ்வளவுதான், ஆனால் ஓட்டுகிறவருக்கு எந்த நொடியிலும் தான் எங்கே இருக்கிறோம், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

எப்படிச் சொல்வது

ஒரு நல்ல கட்டளையில் மூன்று விஷயம் இருக்கும்: என்ன செய்ய வேண்டும், எவ்வளவு கடினமாக, எவ்வளவு நேரம். "ஏத்துங்க, ஏத்துங்க, இன்னும் ஏத்துங்க!" என்பதில் இந்த மூன்றில் ஒன்றுகூட முழுசாக இல்லை. "ரெசிஸ்டன்ஸைக் கொஞ்சம் ஏத்துங்க, பேச முடியணும் ஆனா ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல வரக் கூடாது, 90 விநாடி" என்றால் முதல் நாள் வந்தவருக்கும் ஐந்து வருடமாக வருகிறவருக்கும் ஒரே கட்டளை பொருந்திவிடுகிறது, இருவரும் வெவ்வேறு கனத்தில் ஓட்டினாலும்.

குமிழை எத்தனை திருப்பு திருப்ப வேண்டும், எந்த எண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு சைக்கிளும் ஒவ்வொரு மாதிரி, பக்கத்து சைக்கிளில் அரைத் திருப்புக்கே கால் நின்றுவிடும். உணர்வைச் சொல்லுங்கள். ஈரமணலில் ஓட்டுகிற மாதிரி இருக்கணும் என்றால் எல்லாருக்கும் புரிகிறது.

கடினத்தைச் சொல்ல 1 முதல் 10 வரையிலான அளவுகோலே போதும். இந்தச் சிந்தனை சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கியதிலிருந்து வருகிறது, அவருடைய முதல் அளவுகோல் 6 முதல் 20 வரை இருந்தது, அதைப் பத்தால் பெருக்கினால் இளம் வயதினரின் இதயத் துடிப்புக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும் என்பதற்காக. வகுப்பில் 10 அளவுகோலோடு பேச்சுச் சோதனையைச் சேர்த்துச் சொல்லுங்கள்: நாலில் முழு வாக்கியம் பேசலாம், ஆறில் வாக்கியம் துண்டு துண்டாக வரும், எட்டில் ஒரு வார்த்தை. இதயத் துடிப்புக்கான 220-இலிருந்து வயதைக் கழிக்கிற கணக்கு ஒரு பொதுச் சராசரி, ஒரு தனி மனிதருக்கு அது கணிசமாகத் தவறலாம். அதனால் ஒருவருடைய வாட்சைப் பார்த்து "உங்களுக்கு அதிகமாயிடுச்சு" என்று முடிவு கட்ட வேண்டாம், அவரை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

மிதிக்கும் திறனை வாட் கணக்கில் காட்டுகிற சைக்கிள்கள் இருந்தால் இன்னும் நல்லது. 20 நிமிடம் தன்னால் முடிந்த அளவு சீராக ஓட்டி, வந்த சராசரி வாட்டில் 95 சதவீதத்தை எடுத்தால் அது எஃப்டிபி எனப்படும், ஒருவர் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய எல்லையின் மதிப்பீடு. சராசரி 200 வாட் என்றால் 190. அதை வைத்து ஒவ்வொருவரும் தனக்கான மண்டலங்களில் (அந்த எல்லையில் இத்தனை சதவீதம் என்று பிரித்த கடின அளவுகளில்) ஓட்டலாம். ஆனால் ஒருவருடைய வாட்டை இன்னொருவருடையதோடு ஒப்பிட்டு மைக்கில் பேசாதீர்கள். 50 கிலோ உள்ளவரும் 90 கிலோ உள்ளவரும் ஒரே எண்ணைத் துரத்த வேண்டிய அவசியமே இல்லை.

எண்ணும்போது நேர்மையாக எண்ணுங்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். "பத்து விநாடிதான்" என்று சொல்லிவிட்டு 25 விநாடி ஓட விடுவதும், "இதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டு இன்னொன்று சேர்ப்பதும் உற்சாகமூட்டும் உத்தி என்று சிலர் நினைக்கிறார்கள். பத்து விநாடி என்று நம்பித் தன்னிடம் மிச்சமிருந்ததை எல்லாம் கொட்டியவர் அடுத்த முறை கொட்டமாட்டார், கொஞ்சம் ஒளித்து வைத்துக்கொள்வார். அப்படி ஒரு அறையில் யாரிடமிருந்தும் முழு முயற்சி வராது.

அமைதியாக இருக்கவும் பழகுங்கள். கடினமான பகுதியில் ஒருவருக்கு உங்கள் பேச்சைக் கேட்கிற நிலைமை கிடையாது, அவர் மூச்சோடு போராடிக்கொண்டிருக்கிறார். சொல்ல வேண்டியதை முன்னாலேயே சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள், நேரத்தை மட்டும் அறிவியுங்கள். விளக்கங்கள், உடம்பை வைத்திருக்கும் விதத்தில் திருத்தங்கள், ஏன் இதைச் செய்கிறோம் என்பதெல்லாம் லேசாக ஓட்டுகிற நேரத்துக்கு.

இன்னொன்று, தொப்பை, கொழுப்பு, நேற்று சாப்பிட்டதை இன்று எரிப்பது என்கிற பேச்சே வேண்டாம். கூட்டத்தில் யார் சாப்பாட்டோடும் உடம்போடும் என்ன போராட்டத்தில் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. "போன மாசம் இந்த ஏற்றத்துல பாதியில உட்கார்ந்தீங்க, இன்னிக்கு முடிச்சிட்டீங்க" என்று ஒரு ஆளுக்குச் சொன்னால் அவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போவார்.

இறங்கி நடங்கள்

ஒரு வகுப்பில் ஒன்றிரண்டு பாட்டுகளுக்காவது உங்கள் சைக்கிளைவிட்டு இறங்கி வரிசைகளுக்கு நடுவில் நடங்கள். மேடையிலிருந்து தெரியாத பல விஷயங்கள் பக்கத்தில் போனால் தெரியும். சீட்டில் குதிக்கிறவர்களுக்கு ரெசிஸ்டன்ஸ் குறைவு. தோள் காதைத் தொடுகிறவர் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருக்கிறார், பெரும்பாலும் களைத்துவிட்டார் என்று அர்த்தம், கனத்தைக் குறைக்கச் சொன்னால் தோள் தானாக இறங்கும். முழங்கை விறைத்திருந்தால் அதிர்வு எல்லாம் கழுத்துக்குப் போகும். முழங்கால் வெளிப்பக்கம் விரிந்து போனால் பாதம் பெடலில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கால் மரத்துப்போகிறது என்பவரின் ஷூவோ பெடல் வாரோ இறுகியிருக்கலாம், அல்லது விரல் நுனியாலேயே அழுத்திக்கொண்டிருப்பார்.

திருத்தத்தை முதலில் பொதுவாகச் சொல்லுங்கள்: "எல்லாரும் தோளைக் காதுகிட்ட இருந்து கீழே இறக்குங்க." பாதிப் பேர் இதிலேயே சரியாகிவிடுவார்கள். மீதியிருப்பவரிடம் மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்லுங்கள். கேட்காமல் யாரையும் தொடாதீர்கள்.

செய்ய வைக்கக் கூடாதவை சில உண்டு. சைக்கிள்மேல் கையில் டம்பெல் வைத்து ஆட்டுவது, ஹேண்டில்பாரில் புஷ்-அப், சீட்டுக்கு ஒரு விரல்கடை மேலே அந்தரத்தில் தொங்கிக்கொண்டு ஓட்டுவது, கையை விட்டுவிட்டு ஓட்டுவது, வேகமாகப் பின்னோக்கி மிதிப்பது, ரெசிஸ்டன்ஸே இல்லாமல் கண்மண் தெரியாத வேகம். இந்த வகுப்பு முறையை ஸ்பின்னிங் என்ற பெயரில் உருவாக்கிய ஜானி கோல்ட்பர்க், அமெரிக்காவைக் குறுக்கே கடக்கிற நெடுந்தூரப் பந்தயத்துக்காகப் பயிற்சி செய்தவர். சாலையில் ஓட்டுவதை அறைக்குள் கொண்டுவருவதுதான் அவர் செய்தது. அதனால் சந்தேகம் வந்தால் சாலையில் ஓடுகிற சைக்கிளில் இதைச் செய்வோமா என்று கேட்டுப் பார்ப்பது நல்ல வழி. சைக்கிளில் ஒரு கிலோ டம்பெல்லை ஆட்டுவதால் கைக்கும் பெரிய பலன் கிடையாது, காலின் வேலையும் கெட்டுப்போகிறது. வகுப்பு சுவாரசியமாக இருக்க இதெல்லாம் வேண்டும் என்று ஸ்டுடியோ சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

பல தரத்தில் ஆட்கள் இருப்பதை நினைத்துப் பயப்படத் தேவையில்லை, இந்தப் பயிற்சியின் அருமையே அதுதான், எல்லாரும் ஒரே இடத்தில்தான் இருக்கப் போகிறார்கள், யாரும் பின்தங்கிவிட முடியாது. எளிய வழியை முதலில் சொல்லி, கடினமானதை விருப்பமாகக் கொடுங்கள்: "உட்கார்ந்தே இருக்கலாம், விருப்பம் இருந்தா எழுந்திருங்க." இந்த வரிசையில் சொன்னால் உட்கார்ந்திருப்பவர் தோற்றவராகத் தெரியமாட்டார். பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வகுப்புக்கு மூன்று புதுப் பெயர் என்று வைத்துக்கொண்டால் சீக்கிரமே எல்லாரையும் பெயர் சொல்லி அழைக்கலாம்.

முடிக்கும்போது

கூல் டவுனை வெட்டி இன்னொரு வேகப் பாட்டைச் சேர்க்காதீர்கள். கடினமாக ஓட்டியவர் சட்டென்று நிறுத்தி இறங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும், மயங்கியும் விழலாம். 3 நிமிடமாவது லேசான கனத்தில் ஓட்டட்டும், அப்புறம் இறங்கித் தொடை முன்பக்கம், பின்பக்கம், இடுப்பு முன்பகுதி, கெண்டைக்கால், மார்பு என்று நீட்டட்டும்.

அவர்கள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் போனை எடுத்துக்கொண்டு ஓரமாக நிற்காமல் முதல் நாள் வந்தவரிடம் போங்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் வரும். "முழங்கால்ல எங்கேயாவது வலிச்சுதா, சீட் எங்கே உறுத்துச்சு?" என்று கேளுங்கள், பதில் கிடைக்கும், அடுத்த முறைக்கு அவருடைய சீட்டை அதற்கேற்ப மாற்றலாம்.

மாதத்துக்கு ஒரு முறை உங்கள் வகுப்பைப் போனில் ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். ஒரே வார்த்தையை எத்தனை முறை சொல்கிறீர்கள், பாட்டின் நல்ல இடத்தில் குறுக்கே பேசுகிறீர்களா, பத்து என்று சொன்னது பத்தாகத்தான் இருந்ததா என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். கேட்கும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடுத்த வாரம் அதை மட்டும் சரி செய்யுங்கள்.